எல்லாம் ஒரே மாதிரி இருக்கே

மூன்று வருடங்களுக்கு முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். கீழ் வீட்டு அம்மா தன் தட்டிலிருந்து, நான் செய்திருந்த ஷ்பெட்ஸ்லே என்ற முட்டை நூடுல்ஸில் ஒன்றை முள்கரண்டியில் குத்தி எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். அதைத் தட்டிலேயே வைத்துவிட்டு இன்னொன்றை எடுத்தார். அதையும் பார்த்தார். "எல்லாம் ஒரே மாதிரி இருக்கே" என்றார். வேறொன்றும் சொல்லவில்லை. தட்டைக் காலி செய்தார், நன்றி சொன்னார், கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு மெதுவாகப் படியிறங்கிப் போய்விட்டார்.

எனக்கு அது முதலில் பாராட்டாகத்தான் கேட்டது. நான் வேலை பார்ப்பது ஓர் உதிரிபாகத் தொழிற்சாலையின் குவாலிட்டி பிரிவில். மெஷினிலிருந்து வந்து விழும் துண்டுகளை எடுத்து அளந்து, டிராயிங்கில் போட்ட டாலரன்ஸுக்குள், அதாவது அனுமதித்த வித்தியாசத்துக்குள், இருக்கிறதா என்று பார்த்துக் கையெழுத்துப் போடுவது என் பிழைப்பு. மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்குக்காக அரை நாள் சண்டை நடக்கும் இடம் அது. அங்கே யாராவது "எல்லாம் ஒரே மாதிரி இருக்கு" என்று சொன்னால், அன்றைக்கு எல்லோரும் நேரத்தோடு வீட்டுக்குப் போகலாம் என்று பொருள். பாத்திரம் கழுவும்போதுதான் அவர் முகம் நினைவுக்கு வந்தது. விருந்துக்கு வந்தவர் உப்பில்லாத சாம்பாரைப் பற்றி ஒன்றும் சொல்லாமல் "தண்ணி குடுங்க" என்று கேட்கும்போது ஒரு முகம் இருக்குமே, அந்த முகம்.

அவரைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். பெயர் வேண்டாம். எண்பதைத் தாண்டியவர், தென்மேற்கு ஜெர்மனியில் இருக்கும் இந்த எஸ்லிங்கன் ஊரிலேயே பிறந்து வளர்ந்தவர். எங்கள் பழக்கம் தொடங்கியதே ஒரு புகாரில். எஸ்லிங்கன் இருக்கும் இந்த ஸ்வேபியப் பகுதியில் குடியிருந்தவர்களுக்கு கேர்வோக்கே தெரிந்திருக்கும்: படிக்கட்டைப் பெருக்கித் துடைக்கும் முறை வாரம். யார் முறையோ அவர் வீட்டுக் கதவில் ஓர் அட்டை தொங்கும். என் முதல் வாரத்தில் படிகளின் நடுப்பகுதியை மட்டும் துடைத்துவிட்டுப் பெருமையாக நின்றேன். அவர் என்னைக் கூப்பிட்டு ஒவ்வொரு படியின் மூலையையும் விரலால் காட்டினார். திட்டவில்லை, காட்டினார். திட்டாமல் விட்டாலே போதுமான பாராட்டு என்று இந்த ஊர்க்காரர்கள் ஒரு பழமொழியே வைத்திருக்கிறார்கள். அதை அவர் தன் கொள்கையாகவே வைத்திருந்தார். படிக்கட்டு மூலையில் தூசிக்கு இடம் கொடுக்காத அந்த மனுஷி, தட்டில் இருந்தவை ஒன்றுபோல இருந்ததை ஏன் குறையாகச் சொன்னார்? அது எனக்கு விளங்கவில்லை. விளங்காதது மண்டைக்குள் கொசு மாதிரி சுற்றிக்கொண்டே இருந்தது.

நாழி இருக்கும் தைரியம்

ஷ்பெட்ஸ்லே என்றால் கோதுமை மாவு, முட்டை, உப்பு, கொஞ்சம் தண்ணீர். ஷ்பாட்ஸ் என்றால் சிட்டுக்குருவி, 'லே' என்பது ஸ்வேபியர்கள் எதற்கும் ஒட்டும் செல்லப் பின்னொட்டு. பெயர் அந்தக் குருவியிலிருந்துதான் வந்ததா என்பதில் சண்டை இருக்கிறது, அது கிடக்கட்டும். இத்தாலிக்காரர்கள் செய்வதைப் போலப் பிசைந்து, தேய்த்து, வெட்டும் வகை இல்லை இது. கெட்டியான இழுபடும் மாவை நேராகக் கொதிக்கும் உப்புத் தண்ணீரில் இறக்க வேண்டும். இறக்குவதற்கு மூன்று வழி. கைப்பிடி வைத்த மரப்பலகையில் மாவைத் தடவி, விளிம்பிலிருந்து மெல்லிய கீற்றுகளாகச் சுரண்டித் தள்ளுவது ஆதி வழி. துருவி மாதிரி ஒரு தகட்டின்மேல் மாவுப் பெட்டியை முன்னும் பின்னும் ஓட்டினால் குண்டு குண்டாக விழும், அதற்குப் பெயர் க்னெப்ஃப்லே, குட்டிப் பொத்தான். மூன்றாவது அழுத்தி: அடியில் ஓட்டை போட்ட குடுவை, இரண்டு நீளக் கைப்பிடி, அமுக்கினால் இழை இழையாக இறங்கும்.

அழுத்தியைக் கடையில் பார்த்ததும் எனக்கு வந்த திமிரை நீங்கள் ஊகித்துக்கொள்ளலாம். முறுக்கு நாழியைப் பார்த்து வளர்ந்த வீட்டிலிருந்து வந்தவனுக்கு இதில் என்ன புதிது? திமிர் எதுவரை போனது என்றால், அழுத்திகூட வாங்காமல், ஊரிலிருந்து கொண்டுவந்திருந்த இடியாப்ப உரலிலேயே முதல் தடவை முயன்றேன். பாதி மாவு மேலே ஏறி என் மணிக்கட்டுக்கு வந்தது. கீழே வந்த பாதி, ஓட்டைகளின் வாயில் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு ஒரு தாடியாகத் தொங்கியது. அரிசி மாவில் இழுவை கிடையாது, பிழிந்தால் பிழிந்த இடத்தில் நிற்கும். முட்டை போட்டு அடித்த கோதுமை மாவு ரப்பர் மாதிரி தன் இஷ்டத்துக்குத் திரும்பிப் போகும். உரலைக் கழுவி எடுக்கவே முக்கால் மணி நேரம் ஆயிற்று. மறுநாள் அழுத்தி வாங்கினேன்.

அழுத்தியிலும் முதலில் கை வலித்தது. அதனால் மாவில் கொஞ்சம் தண்ணீர் கூட்டினேன். சுலபமாக இறங்கியது. அடுத்த வாரம் இன்னும் கொஞ்சம். இந்த இடத்தை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் இதற்குத்தான் வரப்போகிறேன்.

ஆனால் அன்றைக்கு நான் கவலைப்பட்டது வேறு விஷயத்துக்கு. இங்கே வீடுகளில் சொல்லும் கணக்கு, ஆளுக்கு ஒரு முட்டை, சட்டிக்கு ஒன்று. மாவு எவ்வளவு என்று கேட்டால் "எவ்வளவு வாங்குதோ அவ்வளவு". என் தொழிலில் இப்படி ஒரு டிராயிங்கைக் கொடுத்தால் திருப்பி அனுப்பிவிடுவோம். கடையில் 'எம்' என்று போட்டிருக்கும் முட்டை 53 கிராமும் இருக்கலாம், 62 கிராமும் இருக்கலாம். ஐந்து முட்டையில் நாற்பத்தைந்து கிராம்வரை ஆட்டம் காணும். ஆகவே முட்டையை உடைத்து, ஓடில்லாமல் 260 கிராம் என்று நிறுத்தேன். மாவு 400 கிராம். அதிலும் ஒரு வகையை விடாமல் பிடித்துக்கொண்டேன்: 405 என்று எண் போட்ட வெள்ளை மாவு. நூறு கிராம் மாவை, ஈரத்தைக் கழித்து, எரித்தால் மிஞ்சும் சாம்பல் சுமார் 405 மில்லிகிராம் என்பதுதான் அந்த எண்ணின் அர்த்தம். மாவுப் பையின் மேலேயே ஒரு குவாலிட்டி பிரிவு உட்கார்ந்திருக்கிறதே என்று எனக்கு ஒரே சந்தோஷம்.

வெர்னியர் போட்டு அளந்த கதை

"ஒரே மாதிரி இருக்கே" என்று அவர் சொன்ன பிறகு நான் செய்ததை என் மனைவி இன்றுவரை வருகிறவர் போகிறவரிடம் எல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறாள். வெந்த ஷ்பெட்ஸ்லே ஐம்பதை ஒரு தட்டில் பரப்பி, வெர்னியர் காலிபரால் தடிமன் அளந்தேன். எல்லாமே மூன்றரைக்கும் நான்கு மில்லிமீட்டருக்கும் நடுவில். நூடுல்ஸில் இதைவிட யார் என்ன செய்துவிட முடியும்? அடுத்த முறை கீழ் வீட்டிலிருந்து ஒரு கிண்ணம் வந்தபோது அதையும் அளந்தேன். ஒன்றின் வால் ஒன்றரை மில்லிமீட்டர், அதே துண்டின் வயிறு ஆறு. ஒன்று சுண்டுவிரல் நீளம், பக்கத்தில் இருப்பது பல்லி வால் மாதிரி சுருண்டு பாதியில் நின்றிருக்கிறது. மேல்தோல் வழவழவென்று இல்லை, சொரசொரவென்று குழி குழியாக இருந்தது. எங்கள் பிரிவில் என்றால் மொத்தமும் சிவப்புப் பெட்டிக்குப் போயிருக்கும்.

சாப்பிட்டுப் பார்த்தால் அதுதான் நன்றாக இருந்தது. எனக்கு எரிச்சலாக வந்தது.

அப்புறம் இணையத்தில் ஒரு நாள் அந்தப் பத்திரம் கண்ணில் பட்டது. 'ஸ்வேபிய ஷ்பெட்ஸ்லே' என்ற பெயருக்கு ஐரோப்பிய ஒன்றியம் 2012-இல் புவிசார் பாதுகாப்பு கொடுத்திருக்கிறது. பாடன்-வூர்ட்டம்பெர்க் மாநிலத்திலும் பவேரியாவின் ஸ்வேபிய மாவட்டப் பகுதியிலும் செய்தால்தான் கடைப் பொட்டலத்தில் அந்தப் பெயரைப் போடலாம். பொருளின் விவரத்தைப் படித்துக்கொண்டே வந்தவன் ஓரிடத்தில் நின்றுவிட்டேன். புது முட்டை மாவு, சரி. கொதிநீரிலோ நீராவியிலோ நேராக இறக்க வேண்டும், சரி. வடிவம்: ஒழுங்கற்றது. மேற்பரப்பு: சொரசொரப்பானது, துளைகள் உள்ளது. ஒழுங்கின்மையை ஒரு ஸ்பெசிஃபிகேஷனாகவே எழுதி, முத்திரை குத்தி வைத்திருக்கிறார்கள்! அதுவும் யார்? டாய்ம்லர், மைபாக் என்ற எஞ்சினியர்கள் 1885-இல் கான்ஸ்டாட் தோட்டக் கொட்டகையில் பெட்ரோல் எஞ்சினைச் சுற்றவைத்த ஊர்ப்பக்கத்துக்காரர்கள். கான்ஸ்டாட் என் வீட்டிலிருந்து ரயிலில் பத்து நிமிடம்.

ஆக, குறை நிஜமான குறைதான். அதைச் சரி செய்ய ஒரு ஷ்பெட்ஸ்லே பலகை வாங்கினேன். மேப்பிள் மரம், விளிம்பு கத்திபோலச் சரிவாகச் சீவியது. இரண்டு ஞாயிறு முயன்று, இரண்டு ஞாயிறும் பானைக்குள் ஒரே கூழ். மாவு பலகையில் நிற்கவே இல்லை. சுரண்டுவதற்கு முன்னாலேயே தானாக வழிந்து தண்ணீரில் விழுந்து பிசிர் பிசிராகக் கலங்கியது. வேறு வழியில்லாமல் கீழே போய்க் கதவைத் தட்டினேன். "சனிக்கிழமை பத்து மணிக்கு வாருங்கள். முட்டை நீங்கள் கொண்டுவாருங்கள்" என்றார். முட்டையைப் பற்றிச் சொன்னதில் சிரிக்க ஒன்றும் இல்லை. இவர்கள் அப்படித்தான்.

சனிக்கிழமை

மாவை ஒரு மண் கிண்ணத்தில் கொட்டினார். பையில் 'ஷ்பெட்ஸ்லே மாவு' என்று போட்டிருந்தது. விரலில் தேய்த்துப் பார்க்கச் சொன்னார். மைதாவுக்கும் பொடி ரவைக்கும் நடுவில் ஒரு கொரகொரப்பு. நடுவில் குழி செய்து முட்டைகளை உடைத்து ஊற்றினார், ஒரு சிட்டிகை இல்லை, கை கொள்ளும் உப்பு. தண்ணீரைக் குழாயிலிருந்து நேராகக் கொஞ்சம் பிடித்தார். அளக்கவில்லை. நடுவில் ஓட்டை போட்ட ஒரு மரக்கரண்டியை என்னிடம் கொடுத்து, "அடியுங்கள்" என்றார்.

கலக்கினேன். "கலக்கச் சொல்லவில்லை, அடிக்கச் சொன்னேன்." கரண்டியைக் கிண்ணத்தின் அடிவரை இறக்கி, மாவை உங்கள் பக்கமாக வாரி மேலே தூக்கி, மறுபடி அறைய வேண்டும். இரண்டு நிமிடத்தில் தோள் பிடித்துக்கொண்டது. ஐந்து நிமிடத்தில் போதுமா என்று கேட்டேன். அவர் பத்திரிகையிலிருந்து தலையைத் தூக்காமல், "இன்னும் சத்தம் வரவில்லை" என்றார். என்ன சத்தம் என்று கேட்க எனக்கு மூச்சு இல்லை. பத்தாவது நிமிடமோ பன்னிரண்டாவதோ, கரண்டியை இழுத்தபோது மாவு கிண்ணத்திலிருந்து பட்டென்று விட்டது. ஈரத்துணியை உதறினால் வருமே, அந்தச் சத்தம். மேலே சின்னச் சின்னக் குமிழிகள் எழும்பி உடைந்தன. கரண்டியைத் தூக்கிப் பிடித்தேன். மாவு உடனே விழவில்லை. கனமாக இறங்கி, நீண்டு, மெலிந்து, ஓர் இடத்தில் தயங்கி, அறுந்தது. நம் சமையலில் பதம் என்று ஒரு சொல் வைத்திருக்கிறோமே, கம்பிப் பதம், உருட்டுப் பதம் என்று, அதற்கு ஜெர்மன் சொல் என்னவென்று எனக்கு இதுவரை தெரியவில்லை. அவருக்கும் தேவைப்படவில்லை. எழுந்து வந்து பார்த்து, "ம்" என்றார். அரை மணி நேரம் மூடி வைத்தோம். கொரகொர மாவு தண்ணீரை மெதுவாகத்தான் குடிக்கும்.

அடுத்தது பலகை. கொதிநீரில் ஒரு முறை முக்கி நனைத்து, பானை விளிம்பில் சாய்த்துப் பிடித்து, இரண்டு கரண்டி மாவை வைத்து, நனைத்த தகட்டால் விளிம்புவரை மெல்லிசாக இழுத்துவிட்டார். பிறகு டக், டக், டக், டக். தையல் மெஷின் மாதிரி. ஒவ்வொரு தட்டலுக்கும் ஒரு கீற்று தண்ணீரில் பாய்ந்தது. ஐந்தாறு தட்டலுக்கு ஒரு முறை தகட்டைத் தண்ணீரில் நனைத்துக்கொண்டார். உள்ளே போனவை ஒரு நிமிடத்துக்குள் குபுகுபுவென்று மேலே மிதந்து வந்தன. ஜல்லிக்கரண்டியால் வாரி வடிதட்டில் போட்டார். பலகை என் கைக்கு வந்தது.

நான் பத்திரத்தைப் படித்தவன் அல்லவா. ஒன்றை அகலமாக வெட்டினேன், அடுத்ததை ஒல்லியாக, அதற்கடுத்ததைக் கோணலாக. பானைக்குள் கொழுக்கட்டையும் நூலுமாக மிதந்தன. அவர் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்ன செய்கிறீர்கள்?"

"ஒரே மாதிரி வந்துவிடாமல் பார்த்துக்கொள்கிறேன்."

கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொள்ளும் அளவுக்குச் சிரித்தார். அவர் அப்படிச் சிரித்து நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை. "உங்களை யார் கோணலாக வெட்டச் சொன்னது? கையை ஒரே சீராக ஓட்டுங்கள். கோணலை மாவு பார்த்துக்கொள்ளும்."

எனக்கு அந்த இடத்தில்தான் உறைத்தது. அவர் கையைத் திரும்பக் கவனித்தேன். வெட்டுக்கு வெட்டு அதே தூரம், அதே வேகம். எங்கள் ஆலையின் மெஷினுக்கு நிகரான கை. ஆனால் விளிம்பைத் தாண்டும் கீற்று உடனே அறுந்துவிடுவதில்லை. பலகையை ஒரு நொடி பிடித்துக்கொண்டு நீள்கிறது. எங்கே இழுவை பலவீனமோ அங்கே அறுகிறது, அதில் ஒரு முனைக்கு வால், இன்னொன்றுக்கு வயிறு. அடித்த அடியில் உள்ளே போன காற்று கொதிநீரில் விரிந்து தோலைச் சொரசொரப்பாக்குகிறது. அடிக்காத மாவில், தண்ணீர் கூட்டிய மாவில், இவை எதுவும் நடக்காது. அது ஓட்டை எந்த அளவோ அந்த அளவுக்கு அடக்கமாக இறங்கும்.

சந்தேகம் விடாத பிறவி என்பதால், மிச்ச மாவைக் கெஞ்சி வாங்கிக்கொண்டு மேலே வந்து என் அழுத்தியில் போட்டு அமுக்கினேன். ஒன்றை மட்டும் மாற்றி மற்றதை மாற்றாமல் வைத்துப் பார்ப்பது தொழில் பழக்கம். தொங்கி அமுக்க வேண்டியிருந்தது. ஆனால் இறங்கிய இழைகள் ஆளுக்கொரு நீளத்தில் அறுந்தன, தோல் சொரசொரவென்று வந்தது. பலகையில் வந்த வயிறும் வாலும் இதில் இல்லைதான். ஆனாலும் அதுவரை அழுத்தியின் மேல் போட்ட பழி பாதிக்குமேல் என் தண்ணீர்க் கிண்ணத்துக்குச் சேர வேண்டியது.

பலகையா அழுத்தியா

இதை எழுதியதால் நான் பலகைக் கட்சி என்று நினைத்துவிட வேண்டாம். கையால் சுரண்டியதுதான் ஷ்பெட்ஸ்லே, மற்றதெல்லாம் வெறும் நூடுல்ஸ் என்று முழங்கும் ஆட்களை இங்கே வாரம் ஒருவராவது சந்திக்கிறேன். பெரும்பாலும் ஆண்கள், பெரும்பாலும் தாங்கள் மாவு அடித்ததே இல்லை. கீழ் வீட்டு அம்மா அந்தச் சனிக்கிழமை சாப்பிடும்போது சொன்னார்: அவர் பிறந்த வீட்டில் ஞாயிறுதோறும் ஏழு பேருக்கு அடிக்க வேண்டும், சர்ச்சுக்குப் போகும் முன்னால் அடித்து மூடிவிட்டுப் போக வேண்டும். சுரண்டத் தெரியாத பெண்ணைக் கட்டிக்கொடுக்க முடியாது என்று அவர் அம்மா மிரட்டுவாராம். "அப்போதெல்லாம் வலது கை மட்டும் தடியாக இருக்கும்" என்று முழங்கைக்கு மேலே தொட்டுக் காட்டினார். அவர் மருமகள் அழுத்தியில்தான் செய்கிறாள். அந்த அழுத்தியை வாங்கிக் கொடுத்தவரே இவர்தான். நான் ஏதோ துரோகம் செய்தவன்போல என் அழுத்தியை அலமாரியின் பின்னால் ஒளித்து வைத்திருந்ததைக் கேட்டு, "எதற்கு? வேலை நாளில் எதில் செய்வீர்கள்?" என்றார்.

என் கைக்குப் பதம் படிய ஏறக்குறைய ஒரு வருடம் ஆனது. நடுவில் முதல் பலகையை ஹீட்டர் மேல் காய வைத்துப் பிளந்தேன். கை மிக்ஸரில் அடித்துப் பார்த்தேன், மாவு கம்பிகளில் ஏறிக்கொண்டு மோட்டாரிலிருந்து கருகல் வாடை வந்தது. முட்டையை நிறுப்பதை இன்னும் விடவில்லை. தண்ணீரை மட்டும் நிறுப்பதில்லை, காதால் பார்த்துக்கொள்கிறேன்.

போன மாதம் அவரைச் சாப்பிடக் கூப்பிட்டேன். இப்போது படியேறுவது கஷ்டம், நானும் மனைவியும் ஆளுக்கொரு பக்கம் பிடித்துக்கொண்டோம். பலகையில் செய்தது, வெண்ணெயில் ஒரு புரட்டு, பக்கத்தில் காளான் போட்ட க்ரீம் ஸோஸ். இவர்களுக்கு ஸோஸ் தொட்டுக்கொள்ளும் பொருள் இல்லை. ஷ்பெட்ஸ்லே அதில் நீந்த வேண்டும், அந்தக் குழிகளிலெல்லாம் போய் உட்கார வேண்டும். எனக்குத் தெரிந்தே தாராளமாக ஊற்றினேன். அவர் முள்கரண்டியில் ஒன்றைக் குத்தி எடுத்து, பழையபடி ஜன்னல் பக்கம் பிடித்தார். வால் நீளமாக, வயிறு ஒரு பக்கமாகச் சரிந்து, கொஞ்சம் அசிங்கமாகவே இருந்தது. இன்னொன்றை எடுக்கவில்லை. அதையே வாயில் போட்டு மென்றார். நானும் மனைவியும் சாப்பிடாமல் பார்த்துக்கொண்டிருந்தோம்.

"ஸோஸ் இன்னும் இருக்கிறதா?" என்றார்.